‘நிச்சயமா?’ என்று கேட்கும் திரைகள்

ரெவ்லான் என்றால் எல்லோருக்கும் லிப்ஸ்டிக் ஞாபகம் வரும். வங்கி மென்பொருளில் வேலை பார்ப்பவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் வேறு மாதிரி போகும்.

2020 ஆகஸ்ட் 11. ரெவ்லான் வாங்கியிருந்த ஒரு பெரிய கடனுக்கு சிட்டி வங்கி முகவராக இருந்தது. நிறுவனம் கட்டுகிற வட்டியை வாங்கி, கடன் கொடுத்த முதலீட்டு நிறுவனங்களுக்குப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அன்றைக்குப் போக வேண்டியது சுமார் 78 லட்சம் டாலர் வட்டி. போனதோ அசலும் சேர்ந்து ஏறக்குறைய 90 கோடி டாலர். அந்த அசல் ரெவ்லான் கொடுத்த பணமும் இல்லை, வங்கியின் சொந்தப் பணம்.

முதலில் கேள்விப்பட்டபோது யாரோ பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தால் கதையே வேறு. எல்லா எண்ணும் சரியாகத்தான் தட்டப்பட்டிருக்கிறது.

நடந்தது இதுதான். கடன் கொடுத்தவர்களில் சிலர் தங்கள் பங்கை வேறொரு கடனுக்கு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் அவர்களுக்கு அதுவரைக்குமான வட்டியைத் தீர்க்க வேண்டும். சொல்வதற்கு ஒரே வரி. ஆனால் வங்கி வைத்திருந்த ஃப்ளெக்ஸ்கியூப் மென்பொருளில் ‘இவர்களுக்கு மட்டும், வட்டி மட்டும்’ என்று சொல்ல நேர்வழி இல்லை. கடன் முழுவதையும் அடைத்துவிட்டதாகப் பதிய வேண்டும். பதிந்துவிட்டு, அசல் வெளியே ஓடிப்போகாமல், வங்கிக்குள்ளேயே இருக்கும் ‘வாஷ்’ கணக்கில் விழும்படி திருப்பிவிட வேண்டும். திருப்புவதற்குத் திரையில் மூன்று கட்டங்கள்: ஃப்ரண்ட், ஃபண்ட், பிரின்சிபல். மூன்றிலும் டிக் அடித்து, மூன்றிலும் வாஷ் கணக்கின் எண்ணைப் போட வேண்டும். பதிவு செய்தவர் பிரின்சிபலில் மட்டும் போட்டார்.

அசல் எங்கே போக வேண்டும் என்று கேட்கிற திரையில், ‘அசல்’ என்று பெயர் போட்ட கட்டத்தில் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறார். இதில் அவர்மேல் என்ன குறை சொல்ல முடியும்? மூன்றையும் நிரப்ப வேண்டும் என்று மென்பொருளின் கையேட்டில் இருந்தது. கையேட்டில்தான் இருந்தது.

(ஃப்ளெக்ஸ்கியூப் எங்கோ தூரத்தில் செய்த சரக்கு இல்லை. சிட்டி குழுமத்திலிருந்து பிறந்த ஐ-ஃப்ளெக்ஸ் என்ற இந்திய நிறுவனத்தின் தயாரிப்பு. பிறகு ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. இந்தத் தொழிலில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் பலருக்கு அதன் திரைகள் பழகிய முகம்.)

பெரிய தொகை என்பதால் வங்கியில் ‘ஆறு கண்’ முறை இருந்தது. ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தர வேண்டும். முதல் இருவரும் இந்தியாவில் இருந்தார்கள், மூன்றாமவர் அமெரிக்காவில். மூன்று பேருமே பிரின்சிபல் கட்டத்தை நிரப்பினால் போதும் என்றே நம்பினார்கள். ஆகவே ஆறு கண்ணும் சேர்ந்து ஒரே தவறான படத்தைத்தான் பார்த்தன. மேற்பார்வைக்கு ஆள் கூட்டினால் பிழை குறையும் என்பது மேலாளர்களின் நம்பிக்கை. குழப்பம் திரையிலேயே இருந்தால், எத்தனை ஆள் போட்டாலும் அத்தனை பேரும் அதே பள்ளத்தில்தான் விழுவார்கள்.

கடைசியாக மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் காட்டியது. இந்தப் பணம் வங்கியைவிட்டு வெளியே அனுப்பப்படும், தொடர விரும்புகிறீர்களா என்று அதில் இருந்தது. எவ்வளவு பணம் என்று இல்லை. வட்டி எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும். ஒப்புதல் வந்தபிறகு அதைப் பார்த்தவர், சரிபார்த்த இரண்டாமவர். அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டும், சொன்னார். அந்த வாசகத்தில் தொகை மட்டும் இருந்திருந்தால், 78 லட்சத்தை எதிர்பார்த்தவர் கண்ணில் 90 கோடி பட்டிருக்கும்.

மறுநாள்தான் தெரிந்தது. சிலர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலரை வாங்கியவர்கள் கொடுக்க மறுத்தார்கள், வழக்கு நடந்தது. 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வந்த தொகை ஒரு சென்ட் பிசகாமல் பாக்கியோடு ஒத்துப்போனது. இவ்வளவு பெரிய வங்கி இவ்வளவு பெரிய தவறு செய்திருக்கும் என்று வாங்கியவர்கள் எண்ணியிருக்க வேண்டிய அவசியமில்லை என்பது நீதிபதியின் வாதம். 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது, வங்கி தப்பித்தது. அதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

சென்னையில் வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் திரை வடிவமைப்பது என் வேலை. யூஎக்ஸ், யூஐ என்று சொன்னால் பட்டனுக்கு என்ன நிறம், முனை எவ்வளவு வளைய வேண்டும் என்கிற விஷயமாகவே வீட்டில் உட்பட எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். நிறம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிட்டி வங்கியின் திரையை அழகான நிறத்தில், வளைந்த முனையோடு, நல்ல எழுத்துருவில் மறுபடி வரைந்திருந்தாலும் அந்தப் பணம் போயிருக்கும். ஆள் எதற்காக வந்தாரோ அந்தக் காரியத்துக்கு அங்கே இடமே இல்லை என்பதுதான் கோளாறு. ‘வட்டி மட்டும்’ என்று ஒரு தேர்வு இருந்திருந்தால் வாஷ் கணக்கும் வேண்டாம், மூன்று கட்டமும் வேண்டாம்.

ஃப்ரண்ட், ஃபண்ட் போன்ற பெயர்களைப் பார்த்தாலே மென்பொருளுக்குள் பணம் எந்தெந்தப் படி ஏறி இறங்குகிறது என்கிற கணக்கு தெரிகிறது. அது எழுதியவருக்குத் தெரிய வேண்டியது. பயன்படுத்துகிறவருக்கு எதற்கு? தரவுத்தள அட்டவணையில் ஒரு நெடுவரிசை இருக்கிறதா, அதற்குத் திரையில் ஒரு கட்டம் வைத்துவிடு என்பது எங்கள் தொழிலின் பழைய சோம்பேறித்தனம். நெடுவரிசையின் பெயரே கட்டத்தின் பெயராகவும் ஆகிவிடும்.

இப்படி ஏதாவது நடந்தால் அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று ஒரு வார்த்தை வரும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்களில் இதே கதை. பத்திரமாகத் தரையிறங்கிய விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விமானிகள் சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார்கள், விமானம் வயிற்றால் உட்கார்ந்துவிடும். விமானியின் தவறு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆல்ஃபன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானிகளை விட்டுவிட்டு விமானி உட்காரும் இடத்தைப் பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும் இறக்கையின் மடிப்புக்கான (ஃப்ளாப்) சுவிட்சும் ஒன்றுபோலவே, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இறங்கிய களைப்பில் மடிப்பைத் தூக்கப் போன கை சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. சக்கரத்தின் பிடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடிப்பின் பிடியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். கை தொட்டதுமே எது எதுவென்று தெரிந்துவிடும். பயிற்சி வகுப்பு, சுற்றறிக்கை, ‘கவனமாக இருக்கவும்’ பலகை எதுவும் தேவைப்படவில்லை. இன்றைக்கும் விமானங்களில் சக்கரத்தை இயக்கும் பிடி சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது.

ஒரு வங்கிக் கிளையில், கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. எந்த வங்கி, எந்த ஊர் என்பது வேண்டாம். நான் பார்த்த முதல் விஷயம், கம்ப்யூட்டர் திரையைச் சுற்றி செல்லோடேப்பால் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகள். ‘மஞ்சள் கட்டம் காலியா விடவும்.’ ‘டைப் 2 – எப்பவும்.’ ‘பென்ஷனுக்கு எஃப்6 அமுக்காதே!!’ கடைசிச் சீட்டில் இரண்டு ஆச்சரியக்குறி. என்னமோ நடந்திருக்கிறது. புதிய கிளைக்குப் போனால் இப்போதெல்லாம் நான் முதலில் திரையைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் படிக்கிறேன். ஒவ்வொரு சீட்டும் எங்கள் ஆட்கள் வடிவமைப்பில் விட்ட ஓட்டை. அலுவலகத்தில் நடத்துகிற கருத்தாய்வுப் படிவங்கள் எல்லாவற்றையும்விட அந்தச் சீட்டுகளில் விஷயம் அதிகம்.

காசாளர் ஐம்பதைத் தாண்டிய அம்மா. பணம் எண்ணுவதில் மெஷினுக்குச் சவால் விடுவார். ஒரு முதியவருக்குப் பென்ஷன் பணம் எடுத்துக் கொடுக்கும்போது திரையில் ஒரு பாப்-அப் வந்தது, அது முழுசாக வரைந்து முடிப்பதற்குள் அவர் விரல் எண்டரை அடித்துவிட்டது.

“மேடம், அதுல என்ன கேட்டுச்சு?”

“எதுல?”

“இப்ப ஒண்ணு வந்துச்சே.”

“ஓ, அதுவா. அது எப்பவும் வரும் தம்பி.”

அடுத்த பென்ஷன்காரருக்கும் வந்தது. இந்த முறை கூர்ந்து படித்தேன். இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகிறது, தொடரவா என்று கேட்கிறது. பென்ஷன் வாங்க வருகிறவர் பெரும்பாலும் முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் போவார். ஆகவே மாத ஆரம்பத்தில் அந்தக் கவுண்டரில் அந்தக் கேள்வி நாள் முழுக்க வரும். அவர் படிக்கவில்லை என்று குறைபட முடியாது, படித்தால்தான் ஆச்சரியம். தினமும் குரைக்கிற நாய்க்கு யார் எழுந்து விளக்குப் போடுகிறார்கள்? நிஜமாகவே படிக்க வேண்டிய பாப்-அப் ஒருநாள் அதே நிறத்தில், அதே அளவில், அதே இடத்தில் வரும். அதற்கும் எண்டர்தான் விழும்.

இந்தப் பெட்டிகளின் வாசகம் ஒரு தனிக் கொடுமை. ‘பரிவர்த்தனையை ரத்து செய்யவா?’ என்று கேட்டுவிட்டு, கீழே இரண்டு பட்டன்: ‘சரி’, ‘ரத்து’. ரத்து செய்ய விரும்புகிறவர் எதை அழுத்த வேண்டும்? ‘ரத்து’ பட்டனை அழுத்தினால் ரத்து ஆகாது. ‘பரிவர்த்தனையை நிறுத்து’, ‘திரும்பிப் போ’ என்று பட்டனிலேயே எழுதிவிட்டால் மேலே இருக்கும் கேள்வியைப் படிக்காதவரும் பிழைத்துக்கொள்வார். எழுதலாம் என்றால் இடம் போதாது என்பார்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் தமிழைத் திணித்தால் ‘பரிவர்…’ என்று மூன்று புள்ளியோடு முடியும். தப்பித் தவறி இடம் இருந்தால் உயரம் இருக்காது, கீழே இறங்கும் உகரக் குறியெல்லாம் வெட்டுப்பட்டு நிற்கும். தமிழைத் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர் ஏடிஎம்மில் மறுபடி ஆங்கிலத்துக்கு மாறுவது மொழிப்பற்று இல்லாததால் அல்ல.

கேட்பதைவிட, செய்ததைத் திரும்ப எடுக்க வழி கொடுப்பது மேல். ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தைச் சில விநாடிக்குள் நிறுத்தலாம். ‘நிச்சயமா அனுப்பட்டுமா?’ என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் கேட்டிருந்தால் எல்லோரும் ‘ஆம்’ அடித்துப் பழகியிருப்போம். அனுப்பிய அடுத்த நொடியில்தானே ‘ஐயோ, பெயரை மாத்திப் போட்டுட்டோமே’ என்று உறைக்கிறது. அந்த நொடிக்கு உதவுகிற வடிவமைப்பு அது.

ஹவாய் ஏவுகணை எச்சரிக்கையை எங்கள் தொழிலில் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், பெரும்பாலும் பாதிக் கதையை. 2018 ஜனவரி 13, காலை 8:07. ஏவுகணை வருகிறது, இது பயிற்சி அல்ல என்று தீவுகள் முழுக்கக் கைபேசிகள் அலறின. மெனுவில் ‘சோதனை’ வரியும் நிஜ வரியும் அருகருகே இருந்ததால் ஊழியர் தவறாக அழுத்திவிட்டார் என்று செய்தி வந்தது, வடிவமைப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வந்த விசாரணை அறிக்கையின்படி அந்த ஊழியர் அது நிஜத் தாக்குதல் என்றே நம்பி அழுத்தியிருக்கிறார். பயிற்சிக்காக ஒலித்த பதிவிலேயே ‘இது பயிற்சி அல்ல’ என்ற வரி இருந்திருக்கிறது. என்னைக் கேட்டால் மெனுவைவிடப் பெரிய ஓட்டை அடுத்துதான் வந்தது. எச்சரிக்கை பொய் என்று சில நிமிடத்திலேயே தெரிந்தும், அதைக் கைபேசிகளுக்கு அறிவிக்க 38 நிமிடம் ஆனது. ‘தவறான எச்சரிக்கை’ என்று அனுப்ப வாசகமே தயாராக வைத்திருக்கவில்லை. உலகம் அழியப் போகிறது என்று சொல்ல ஏற்பாடு இருந்தது, இல்லை என்று சொல்ல இல்லை. மாநில ஆளுநர் ட்விட்டரில் மறுப்புப் போடத் தாமதித்ததற்குத் தன் கணக்கின் கடவுச்சொல் தெரியாததும் ஒரு காரணம் என்று அவரே பின்னர் சொன்னார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பணத்தை ஜிமெயில்போல் திரும்ப எடுக்க முடியாது என்பார்கள். எல்லா நேரத்திலும் முடியாதுதான். ஆனால் காலதாமதம் வைக்கலாம். புதிதாகச் சேர்த்த ஒருவருக்கு முதல் நாள் பெரிய தொகை அனுப்ப முடியாதபடி பல வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. அவசரத்தில் எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்திருக்கிறது. ஆனாலும் அந்த வரம்பை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

திரைகள் வருவதற்கு முன்பே நம் கையில் இருந்த நல்ல வடிவமைப்பு காசோலை. தொகையை எண்ணால் எழுத வேண்டும், எழுத்தாலும் எழுத வேண்டும். ஒரு பூஜ்யம் வழுக்கிப் போகலாம், ‘ஐம்பதாயிரம்’ என்று எழுதும்போது ‘ஐந்து லட்சம்’ வழுக்கி வராது. இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் இருப்பதே தொகை என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18-வது பிரிவில் சொல்லிவைத்திருக்கிறது. செயலிகள் சிலவற்றில் தொகையைத் தட்டும்போதே அடியில் எழுத்தால் காட்டுகிறார்கள். நான் வேலை செய்கிற திரைகளில் எல்லாம் இதைக் கேட்டு வாங்கிவிடுவேன். கோடியில் புழங்கும் நிறுவனக் கணக்குகளில் எட்டு பூஜ்யமா ஒன்பதா என்று எண்ணிப் பார்ப்பது கண்ணின் வேலை இல்லை. 894,000,000 என்று மூன்று மூன்றாகக் கமா போட்டால் நம் ஆட்கள் மனதுக்குள் அதைப் பெயர்த்துப் படிக்க வேண்டும். 89,40,00,000 என்றால் பார்த்ததும் 89 கோடி.

வேண்டுமென்றே ஏமாற்றுகிற திரைகளைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. டிக்கெட் எடுக்கப் போனால் காப்பீட்டுக்கு முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருப்பது, சேர ஒரு பட்டன் வைத்துவிட்டு விலக எட்டுப் பக்கம் அலையவைப்பது எல்லாம் அந்த வகை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. அவற்றைச் செய்கிறவர்களுக்கு நல்ல வடிவமைப்பு தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும்.

நல்லெண்ணத்தோடு செய்து சொதப்பிய ஒன்று எனக்கு அதைவிடச் சுவாரசியம். என்இஎஃப்டியில் பணம் அனுப்பப் புதிதாக ஒருவரைச் சேர்க்கும் திரையைப் பாருங்கள். கணக்கு எண் கேட்கும். தட்டத் தட்டப் புள்ளியாக மறையும், நம் கடவுச்சொல் மாதிரி. அடுத்த கட்டத்தில் அதே எண்ணை மறுபடி தட்ட வேண்டும், ஒட்ட முடியாது. மகன் பாஸ்புக்கிலிருந்து வாசிக்க, அம்மா ஒவ்வொரு எண்ணாகத் தட்டுகிறார், “நாலு சைபரா, மூணு சைபரா?” என்று நடுவில் விட்டுப்போகிறது, திரையில் புள்ளிகளை எண்ணுகிறார்கள். இரண்டு முறையும் ஒன்றுபோல் தட்டினீர்களா என்பதை மட்டும்தான் அந்தத் திரை சோதிக்கிறது. எண்ணே தப்பாக எழுதி வந்திருந்தால் தப்பையே இரண்டு தடவை ஒழுங்காகத் தட்டி முடிப்போம். பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் அங்கே என்ன எழுதினாலும் ஒன்றுதான்: 2010-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான் வரவு வைப்பார்கள். அதைச் சின்ன எழுத்தில் அடியில் போட்டு, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று டிக்கும் வாங்கிவிடுவார்கள். பெயரைக் கேட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம். பெயர் கேட்கிற திரை பெயரைச் சரிபார்க்கும் என்றுதானே எவரும் நினைப்பார்?

யூபிஐ இதைத் தலைகீழாகச் செய்தது. கைபேசி எண்ணைத் தட்டினால், பணம் போகும் முன்பே வங்கியில் பதிவான பெயர் வந்து நிற்கும். காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்தால் கடைக்காரர் பெயர் வரும், ‘இது யாருண்ணே?’ என்று கேட்டால் ‘என் சம்சாரம் பேரு’ என்பார், அனுப்புவோம். ‘நிச்சயமா?’ என்று யாரும் கேட்கவில்லை. தெரிய வேண்டியதைக் காட்டினார்கள், முடிவு நம்முடையது.

2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி என்இஎஃப்டிக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் இதே வசதியைக் கொண்டுவரச் சொன்னது. 2025 ஏப்ரல் 1 கெடு, வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் கொடுத்தால், பெறுபவரின் வங்கியில் பதிவாகியிருக்கும் பெயர் வந்துவிடும். இது வந்தபிறகும் எண்ணை மறைத்து இரண்டு முறை தட்டச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தைத் திரையிலிருந்து தூக்குங்கள் என்று கூட்டத்தில் சொன்னால், “இருக்கட்டுமே, பாதுகாப்புக்கு” என்பதுதான் பதில்.

பெயரைக் காட்டுவதிலும் இரண்டு வழி உண்டு. பிரிட்டனில் 2020-லிருந்து நடப்பது, அனுப்புபவர் பெயரைத் தட்ட வேண்டும், பொருந்துகிறதா, கிட்டத்தட்டவா, இல்லையா என்று வங்கி சொல்லும். நம்முடையதில் பெயரை நேரடியாகக் காட்டிவிடுகிறார்கள். அந்தரங்கம் என்று பார்த்தால் அவர்கள் முறை பத்திரமானது, கணக்கு எண் கையில் இருக்கிற எவரும் பெயரைத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் தமிழ்ப் பெயர்களை வைத்து அந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையை நான் செய்ய மாட்டேன். தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா, அது விரிந்து அப்பா பெயராக நிற்கிறதா, செந்தில் என்பதில் ‘டிஎச்’ உண்டா, கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் மாறியது வங்கியில் மாறியதா என்று பார்த்தால் பாதிப் பேருக்கு ‘பொருந்தவில்லை’ என்று வரும். பொருந்தவில்லை என்று சிவப்பில் தினமும் வந்தால் கவுண்டர் அம்மா சொன்னதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ‘எஸ்.கே.முருகன்’ என்று நான் எதிர்பார்த்து ‘முருகன் கே எஸ்’ என்று வந்தால் எனக்குப் புரிந்துவிடும். அந்த ஒப்பிடலைக் கண்ணுக்கு விட்டதில் நம் முறைக்குத்தான் என் ஓட்டு. பெயரை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில், தொகைக்குப் பக்கத்தில், பட்டனுக்கு மேலேயே போட்டால் நல்லது. பல செயலிகளில் அது இன்னும் சாம்பல் நிறத்தில், ஓரமாகத்தான் இருக்கிறது.